கால் அடிபட்ட பூனைக்குட்டி: மருத்துவரிடம் வருவதற்கு முந்தைய இரவு

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கால்நடை மருத்துவம் என்றால் இன்றும் பெரும்பாலும் மாடு, ஆடு, கோழிதான். ஆனாலும் ஓசூர், பாலக்கோடு, அரூர் பக்கங்களிலிருந்து அட்டைப்பெட்டியில் பூனைக்குட்டியை வைத்துக்கொண்டு வருகிறவர்கள் முன்பைவிட அதிகமாகிவிட்டார்கள். வண்டியில் அடிபட்டவை, நாய் கவ்வியவை, கதவிடுக்கில் சிக்கியவை என்று பல வகை. மார்கழி, தை மாதக் குளிரில் தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளிலிருந்து இன்னொரு வகையும் வரும். சூட்டுக்காக இரவில் காரின் இன்ஜின் மேல் ஏறிப் படுத்து, காலையில் வண்டியை எடுக்கும்போது பெல்ட்டில் கால் சிக்கியவை. (அந்த மாதங்களில் சாவியைத் திருகும் முன் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டுவது நல்லது.) என் அனுபவத்தில், கால் எலும்பு முறிவு மட்டுமே ஒரு குட்டியின் உயிரைப் பறிப்பது அரிது. அடிபட்டதற்கும் சிகிச்சைக்கு வருவதற்கும் இடைப்பட்ட அந்த ஓர் இரவில், முழு அக்கறையோடு கொடுக்கப்படும் மாத்திரையும், இறுகக் கட்டப்படும் துணியும், குளிர்ந்த உடம்புக்குள் ஊற்றப்படும் பாலும்தான் பல குட்டிகளை இழக்கச் செய்கின்றன.

முதலில் காலைப் பார்க்காதீர்கள், மூச்சைப் பாருங்கள். நாய் வாயைத் திறந்து இரைப்பது இயல்பு, பூனைக்கு அது இயல்பல்ல. குட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, வயிறு எக்கி எக்கி மூச்சு விட்டாலோ, நெஞ்சுக்குள் காயம் இருக்கலாம்; நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் கிழிந்திருக்கவும் கூடும். அப்போது காலையில் போகலாம் என்று காத்திருக்கக் கூடாது. உதட்டை மெல்ல உயர்த்தி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு வெளிறியிருந்தால் உள்ளே இரத்தம் கசியலாம் அல்லது குட்டி அதிர்ச்சியில் (பயத்தால் அல்ல, உடலில் இரத்த ஓட்டம் ஆபத்தான அளவுக்குக் குறைந்த நிலையில்) இருக்கலாம். வால் துணிபோல் தொங்கினால் சிறுநீர்ப்பைக்குச் செல்லும் நரம்பும் சேர்ந்து பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதால், இரவில் சிறுநீர் கழித்ததா என்பதைக் கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். "குர்குர்னு சத்தம் போட்டுக்கிட்டே இருக்கு சார், வலி இல்ல போல" என்று சிலர் நிம்மதியாகச் சொல்வதுண்டு. பூனை கடும் வலியிலும் அதே ஒலியை எழுப்பும்.

அடுத்தது மாத்திரை. "பாராசிட்டமால்ல கால் பங்குதான் குடுத்தோம்" என்று சொல்லும்போது அது மிகக் குறைந்த அளவு என்றே பலரும் நம்புகிறார்கள். ஒரு மாதக் குட்டியின் எடை ஏறத்தாழ 400 முதல் 500 கிராம். 500 மில்லிகிராம் மாத்திரையின் கால் பங்கு 125 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ள மனிதர் ஒரே நேரத்தில் 30 மாத்திரைகளை விழுங்குவதற்கு இது சமம். அதற்கும் மேல், மனிதரின் கல்லீரல் இந்த மருந்தைச் செயலிழக்கச் செய்து வெளியேற்றப் பயன்படுத்தும் நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. அதனால் மருந்து நச்சாக மாறி, இரத்தத்தின் சிவப்பணுக்கள் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போகின்றன. சில மணி நேரத்தில் ஈறு பழுப்பு நிறமாகும், முகமும் பாதங்களும் வீங்கும், குட்டி மூச்சுக்குத் திணறும். குழந்தைகளுக்கான சிரப்பிலும் இருப்பது இதே மருந்துதான். ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் ஆகியவையும் பூனைக்கு ஆபத்தானவையே. பிணந்தின்னிக் கழுகுகளின் அழிவைத் தடுப்பதற்காக 2006ஆம் ஆண்டிலேயே கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடைசெய்யப்பட்ட டைக்ளோஃபெனாக், மனிதருக்கான மாத்திரையாக வீட்டு அலமாரியில் இருந்துகொண்டேதான் இருக்கிறது. ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால் தயங்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், மாத்திரை அட்டையையும் கொண்டு வாருங்கள். பாராசிட்டமால் நச்சுக்கு மாற்று மருந்து உண்டு. அது பலிப்பதும் பலிக்காததும் எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது.

வீட்டில் போடும் கட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நம் பகுதியில் கை கால் முறிந்தால் புத்தூர் கட்டுக்குப் போகிற வழக்கம் உண்டு. அந்தப் பழக்கத்தில் உளுத்தமாவையும் முட்டை வெள்ளைக்கருவையும் குழைத்துப் பற்றுப் போட்டு, துடைப்பக்குச்சி வைத்துக் கட்டி, அவிழாமலிருக்க மேலே ரப்பர் பேண்டும் மாட்டிவிடுகிறார்கள். முறிந்த எலும்பை அசையாமல் நிறுத்த வேண்டுமானால், முறிவுக்கு மேலே உள்ள மூட்டையும் கீழே உள்ள மூட்டையும் சேர்த்து நிறுத்த வேண்டும். தொடை எலும்பு முறிந்திருந்தால் மேல் மூட்டு இடுப்பிலேயே இருப்பதால், வீட்டில் மட்டுமல்ல, மருத்துவமனையிலும் வெறும் கட்டுப் போட்டு அதை நிறுத்த முடியாது. தொடையின் நடுவோடு முடிந்துவிடும் கட்டு, தன் கனத்தால் முறிந்த முனையைக் கீழே இழுத்து இன்னும் விலக்குகிறது. அடிபட்ட காலில் முதல் இரண்டு நாட்களுக்கு வீக்கம் ஏறிக்கொண்டே போகும். கட்டோ அதே அளவில் இருக்கும். அப்படி வந்த ஒரு குட்டியின் துணியை அவிழ்த்தபோது, விரல்கள் குளிர்ந்து நகங்கள் அகல விரிந்திருந்தன; ரப்பர் பேண்ட் கண்ணுக்கே தெரியவில்லை, தோலைக் கிழித்துச் சதைக்குள் இறங்கியிருந்த அதை முடிக்கு அடியில் இடுக்கியால் தேடி எடுக்க வேண்டியிருந்தது. எலும்பு முறிந்த இடம் நேராக்கக்கூடியதாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே பாதம் உயிரற்றுப் போயிருந்தது.

ஆகவே காலைக் கட்ட வேண்டாம், குட்டியை அடக்கி வையுங்கள். திரும்பிப் படுக்க மட்டும் இடமுள்ள ஓர் அட்டைப்பெட்டியோ, உள்ளே துணி விரித்த தக்காளி கிரேட்டோ போதும். வயர்கூடை வேண்டாம், கண்ணிகளுக்குள் கால் நுழைந்து சிக்கிக்கொள்ளும். தூக்கும்போது கழுத்துத் தோலைப் பிடித்துத் தொங்கவிடாமல், ஒரு துண்டின் மேல் மெதுவாக நகர்த்தி, துண்டோடு சேர்த்துத் தூக்குங்கள்.

திறந்த காயம் இருந்தால், கொதித்து ஆறிய அரை லிட்டர் நீரில் ஒரு மட்டமான தேக்கரண்டி உப்பைக் கரைத்து அந்த நீரை ஊற்றிக் கழுவி, சுத்தமான துணியால் தளர்வாக மூடினால் அந்த இரவுக்குப் போதுமானது. மாடு வைத்திருக்கும் வீடுகளில் ஒரு தனி ஆபத்து உண்டு. மாட்டுப் புண்ணில் புழு வைத்தால் ஊற்றும் டர்பன்டைன், உண்ணிக்கு அடிக்கும் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் மருந்துகள், கொட்டகை கழுவும் பினாயில் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பூனை தன் உடம்பில் பட்ட எதையும் நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி. தோலில் தடவியது சிறிது நேரத்தில் வயிற்றுக்குள் இருக்கும். உண்ணி மருந்து பட்ட குட்டிகள் உடல் உதறி, வலிப்பு வந்து துடிக்கும். டெட்டாலும் பூனைக்கு ஆகாது. புழு தெரிந்தால் எதையும் ஊற்றாமல் அப்படியே கொண்டு வாருங்கள், இடுக்கியால் எடுத்துவிடலாம்.

மூன்று, நான்கு வாரம் ஆகாத குட்டியால் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. உடம்பு சில்லென்று இருக்கும்போது குடலும் இயங்காது. அந்நிலையில் பால் ஊற்றினால் வயிற்றில் தேங்கும் அல்லது நுரையீரலுக்குப் போகும். முதலில் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள், சூடு அதிகமானால் குட்டி மறுபக்கம் நகர்ந்துகொள்ளட்டும். உடம்பு வெதுவெதுப்பான பிறகே உணவு. பசும்பால் கழிச்சலைத் தரும்; அடிபட்ட குட்டிக்குக் கழிச்சலும் சேர்ந்தால் நீரிழப்பில் ஒரே நாளில் துவண்டுவிடும். பூனைக்குட்டிகளுக்கான பால் மாவு ஓசூரிலும் தருமபுரியிலும் செல்லப்பிராணிக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். ஊசியை நீக்கிய சிரிஞ்சில், குட்டியைக் குப்புற வைத்த நிலையிலேயே சொட்டுச் சொட்டாகக் கொடுங்கள், கைக்குழந்தையைப் போல மல்லாக்கப் படுக்க வைத்துக் கொடுக்காதீர்கள். தாய்ப்பூனை அருகில் இருந்தால், சிகிச்சைக்குப் பின் குட்டியை அதனிடமே விடுவதுதான் சிறந்தது. மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையல்ல. ஆனால் அது குட்டியைக் கவ்விக்கொண்டு இடம் மாற்றாதபடி தாயையும் குட்டிகளையும் ஒரே அறையில் வைக்க வேண்டும்.

இதற்கிடையில் குட்டி உங்களைக் கடித்தாலோ கீறினாலோ, அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குச் சென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். பூனைக்கும் வெறிநோய் வரும். நாய் கவ்விய தெருக்குட்டி என்றால் இதில் இரண்டாம் யோசனையே கூடாது.

எல்லாக் கால்நடை மருந்தகங்களிலும் எக்ஸ்ரே வசதி இருக்காது என்பதால், புறப்படும் முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்வது அலைச்சலைக் குறைக்கும். அறுவைச் சிகிச்சை தேவைப்படும் முறிவுகளுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவதுண்டு. "ஒரு வாரம் பாப்போம், தானா கூடிடும்" என்று காத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. குட்டியின் எலும்பு தானாகக் கூடும் என்பது உண்மைதான், பெரிய பூனையைவிட வேகமாகவே கூடும். அந்த வேகம்தான் சிக்கல். ஒரு வாரம், பத்து நாளில் முறிந்த முனைகள் விலகிய நிலையிலேயே ஒட்டத் தொடங்கிவிடும். தொடை முறிந்து நாட்பட்ட குட்டிகளில் தசை எலும்போடு ஒட்டி, முழங்கால் மடங்காமல் கால் கம்புபோல் நீட்டிக்கொண்டுவிடுவதும் உண்டு.

முறையாக மாவுக்கட்டுப் போட்ட பிறகும் வேலை முடிவதில்லை. குட்டி வளர்கிறது, கட்டு வளர்வதில்லை. ஆகவே வாரம் ஒரு முறையாவது அவிழ்த்துப் பார்த்து மாற்ற வேண்டியிருக்கும். கட்டின் நுனியில் தெரியும் இரண்டு நடுவிரல்களைக் காலையும் மாலையும் தொட்டுப் பாருங்கள். அவை வீங்கினாலோ, சில்லிட்டாலோ, ஒன்றை விட்டு ஒன்று விலகினாலோ, கட்டிலிருந்து வாடை வந்தாலோ அன்றே வர வேண்டும். மளிகைக்கடை மின்தராசில் தினமும் எடை பாருங்கள். நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் வரை ஏற வேண்டும், இரண்டு நாள் ஏறாவிட்டால் அதுவே முதல் எச்சரிக்கை.

விழுந்த நினைவே இல்லாமல், நாற்காலியிலிருந்து குதித்ததற்கே கால் முறிந்த குட்டிகளும் வருகின்றன. விசாரித்தால், பாசத்தோடு எலும்பு நீக்கிய கோழிக்கறியும் ஈரலும் மட்டுமே ஊட்டி வளர்த்திருப்பார்கள். வெறும் கறியில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு; அந்தக் குறையை ஈடுகட்ட உடல் தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்புச்சத்தை உருவி எடுக்கும். எக்ஸ்ரேயில் அந்த எலும்புகள் நிழலைப் போல் மங்கித் தெரியும். கேழ்வரகில்தான் சுண்ணாம்புச்சத்து இருக்கிறதே, களியும் கூழும் தரலாமே என்று நம் ஊரில் கேட்காதவர்கள் இல்லை. பூனை ஊனுண்ணி, தானியத்தை நம்பி வாழ அதன் உடல் அமையவில்லை. குட்டிகளுக்கென்று தயாரிக்கப்படும் முழுச்சத்து உணவையே அடிப்படையாக வைத்துக்கொண்டு, வேகவைத்த கறியைச் சிறிதளவு சேர்க்கலாம்.

காலைக் காப்பாற்ற முடியாமல் அகற்ற வேண்டி வந்தால் வீட்டார் உடைந்துபோகிறார்கள். மூன்று காலோடு அது என்ன செய்யும், பேசாமல் விட்டுவிடலாமா என்று கேட்கிறார்கள். குட்டி வயதில் கால் இழந்த பூனைகள் மிக விரைவில் பழகி, ஓடி, மதில் ஏறி, எலியும் பிடிக்கின்றன. நாள்முழுதும் வலிக்கும் காலைவிட இல்லாத கால் அதற்கு எவ்வளவோ மேல் என்பதே என் கருத்து.

கட்டுப் பிரித்த முதல் இரண்டு வாரங்களில் தரையைக் கவனியுங்கள். கிருஷ்ணகிரிப் பக்கத்து வீடுகளில் பளபளக்கும் கிரானைட் தரை சாதாரணம். மெலிந்துபோன காலுடன் அதில் வழுக்கி விழுந்த குட்டி மறுபடியும் எக்ஸ்ரே மேசைக்கு வரும். அது நடமாடும் இடத்தில் கோணிச்சாக்கை விரித்து, கட்டில், அலமாரி, படிக்கட்டுப் பக்கம் போகாமல் தடுத்து வையுங்கள். மலம், சிறுநீர் கழிக்க விளிம்பு தாழ்ந்த தட்டில் மணல் போட்டு அதே அறையில் வைத்துவிட்டால், தாண்டிக் குதிக்க வேண்டிய தேவையும் அதற்கு இருக்காது.