கோபுரத்தின் உச்சியில் இல்லை, இறங்கும் லிஃப்டில்தான் காது வலி

"ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை டாக்டர். இறங்கும்போதுதான் ஊசியால் குத்தின மாதிரி சுருக்கென்றது." சுற்றுலா போய்வந்த ஒரு அம்மா சொன்னார். நூறாவது மாடிக்கு மேலே கண்ணாடி ஓரம் நின்று படமெல்லாம் எடுத்திருக்கிறார். முதல் நாளே ஜலதோஷம் பிடித்திருந்ததாம். பார்த்தால் செவிப்பறை சிவந்து, உள்ளே இழுபட்டுக் கிடந்தது.

விமானத்தில் காது அடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். கோபுரத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஜப்பானில் உள்ள டோக்கியோ ஸ்கைட்ரீ கோபுரத்தின் லிஃப்ட் 350 மீட்டர் உயரத் தளத்துக்குச் சுமார் 50 விநாடியில் போய்விடுகிறது. அதற்குள் காற்றழுத்தம் ஏறத்தாழ 4 சதவீதம் குறைகிறது. விமானத்துக்குள் இதே மாற்றம் நிமிடக்கணக்கில் மெல்ல நடக்கும்.

நடுக்காதையும் மூக்கின் பின்பகுதியையும் ஒரு மெல்லிய குழாய் இணைக்கிறது. மேலே போகும்போது உள்ளிருக்கும் காற்று விரிந்து தானாகவே அதன் வழியே வெளியேறும். இறங்கும்போது அப்படியில்லை. வெளி அழுத்தம் கூடக்கூடக் குழாய் ஒட்டிக்கொள்ளும். எச்சில் விழுங்கினால்தான் திறக்கும். சளியில் வீங்கியிருந்தால் அதுவும் கஷ்டம். தைவானில் உள்ள தைபே 101 என்ற உயரக் கட்டடத்தின் வேக லிஃப்ட் ஏறும்போது நிமிடத்துக்கு 1010 மீட்டர், இறங்கும்போது 600 மீட்டர்தான். காதுக்கு அது நல்லது.

அதனால் வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இறங்கும் லிஃப்டின் கதவு மூடும்போதே விழுங்கத் தொடங்குங்கள். வாயில் ஒரு மிட்டாய் இருந்தால் வேலை சுலபம். கைக்குழந்தைக்கு அந்த நேரத்தில் பால் கொடுக்கலாம். தூங்கினால் எழுப்பிவிடுங்கள், பாவமாக இருந்தாலும். மூக்கைப் பிடித்து ஊதுவது வேண்டுமானால் மெதுவாக. தம் கட்டி ஊதிக் காதைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கடும் சளியோ, அண்மையில் காது அறுவை சிகிச்சையோ என்றால் அன்று கீழேயே இருந்துவிடலாம். கோபுரம் எங்கேயும் போய்விடாது.

அப்புறம், உச்சியில் வரும் தள்ளாட்டம். நிற்கும்போது உடம்பு லேசாக ஆடுவதைக் கண் பக்கத்துப் பொருள்களை வைத்துத்தான் கணிக்கிறது. அங்கே எல்லாமே தூரத்தில். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அதையே கொஞ்ச நேரம் பாருங்கள், அடங்கும். நானும் அப்படித்தான் நிற்பேன்.

அந்த அம்மாவுக்குப் பத்து நாளில் சரியாகிவிட்டது. ஆனால் காதில் ரத்தம், திடீரென்று கேட்காமல் போவது, உலகமே சுற்றுவது என்று இருந்தால் ஊர் திரும்பும்வரை தள்ளிப்போடாமல் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.