மார்ச் மாதத்தில் காட்டுக்குச் சாவு எழுதாதீர்கள்

இந்த வருடமும் அந்தப் படம் வந்துவிட்டது. முதுமலைக் காட்டில், தெப்பக்காட்டிலிருந்து மசினகுடி போகும் ரோட்டில் காரை நிறுத்தி எடுத்தது. இலையே இல்லாத மரங்கள், சாம்பல் பூத்த தரை, கீழே "காடு செத்துக்கொண்டிருக்கிறது" என்று ஒரு வரி. படம் நாலு வாட்ஸ்அப் குழுவைத் தாண்டுவதற்குள் யாராவது விதையை மண்ணில் உருட்டிய விதைப்பந்து மூட்டையோடு கிளம்பிவிடுவார்கள்.

படத்தில் நிற்பவை கருமருது, வெக்காலி, தேக்கு, வெண்தேக்கு. எல்லாம் இலையுதிர் காட்டு மரங்கள். பொங்கல் கழிந்து மார்ச்சுக்குள் மொட்டையாவது அவற்றின் வழக்கம். வியாபாரம் படுத்த மாதத்தில் கடையைச் சாத்திவிட்டுச் சொந்த ஊருக்குப் போகிறவர் போல, தண்ணீர் போகும் வாசலான இலையைக் கழித்துவிட்டு மரம் காத்திருக்கிறது. அதே மார்ச்சில் புரசும் இலவும் ஒரு இலைகூட இல்லாமல் பூத்துக் கொட்டுகின்றன. பல மரங்கள் முதல் மழை வருமுன்பே, ஏப்ரல் வெயிலில், தண்டில் சேர்த்து வைத்த ஈரத்தைக் கொண்டு துளிர்விடுகின்றன. செத்த மரம் இதையெல்லாம் செய்யாது.

மூங்கில் விஷயத்திலும் இதே குழப்பம். பெருமூங்கில் ஏறக்குறைய 40, 45 வருடத்துக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, அரிசி விட்டு, தூரோடு காய்ந்துவிடும். அது அதன் ஆயுள் கணக்கு. வறட்சி என்று எழுதி வைக்க வேண்டாம்.

அப்படியானால் வறட்சியால் காட்டுக்கு ஒன்றும் ஆகவில்லையா? ஆகிறது. பார்க்கும் இடமும் பார்க்கும் நேரமும்தான் தப்பு.

முதலில் இடம். ஓடைக்கரைக்குப் போங்கள். நீர்மருது, நாவல், காட்டுமா எல்லாம் கோடையிலும் பச்சையாக நிற்க வேண்டியவை. அவற்றின் உச்சிக்கிளைகள் காய்ந்து, பாதி மரம் பச்சையாகவும் பாதி கொம்பாகவும் நின்றால் நிலத்தடி ஈரம் வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிட்டது என்று பொருள். அதற்குக் கவலைப்படுங்கள். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் வெண்முதுகுப் பாறுகள் (பிணந்தின்னிக் கழுகுகள்) கூடு கட்டுவது ஓடைக்கரை நீர்மருதில்தான். அழிவின் விளிம்பில் இருக்கும் ஒரு பறவையின் வீடு அது. ஆனால் அந்த மரத்தைப் படமெடுத்து அனுப்பியவர்கள் மிகக் குறைவு. ரோட்டோரத்து மொட்டை மரம்தான் எல்லோருக்கும் கிடைக்கிறது.

இலையுதிர் மரத்தில் கவனிக்க வேண்டியது வேறு. ஜனவரியில் விழ வேண்டிய இலை அக்டோபரிலேயே விழுவது. பக்கத்து மரங்கள் தழைத்த பிறகும் ஜூன் முடிய ஒரு மரம் மட்டும் துளிர்க்காமல் நிற்பது. பட்டை தானாக உரிவது. அடிமரத்தில் துளைகளும், மாவு போலத் துளைப்பான் வண்டின் தூளும். உங்கள் சொந்தத் தோட்டத்து மரமென்றால் சந்தேகம் தீர்க்க ஒரு வழி உண்டு. பென்சில் தடிமனுள்ள ஒரு கிளையின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, காய்ந்து இருந்தால் அந்தக் கிளை போய்விட்டது, இன்னும் கீழே வந்து பாருங்கள். அடிமரத்திலும் பழுப்பு என்றால்தான் மரம் போனதாகக் கொள்ளலாம், அப்போதும் தூரிலிருந்து துளிர் வர இடமுண்டு. கத்தி வேண்டாம். சோதனை செய்கிறேன் என்று மரத்தைச் சுற்றிப் பட்டையைச் சீவி எடுத்து, உயிரோடிருந்த மரத்தைக் கொன்றவர்கள் இருக்கிறார்கள்.

இனி நேரம். முதுமலையில் 1988-ல் இந்திய அறிவியல் கழகம் தொடங்கிய 50 ஹெக்டேர் நிரந்தர ஆய்வுத் திட்டு இருக்கிறது. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள ஒவ்வொரு தண்டுக்கும் அங்கே எண் உண்டு. எது செத்தது என்று வருடா வருடம் பதிவாகிறது. 19 வருடப் பதிவைச் சேர்த்துப் பார்த்தபோது, பெரிய மரங்களின் சாவு மழை பொய்த்த வருடத்தோடு பொருந்தவில்லை. இரண்டு, மூன்று வருடம் தள்ளிப் பொருந்தியது. சின்னத் தண்டுகளைக் கொன்றதில் தீக்குத்தான் பெரிய பங்கு. நடுத்தர மரங்களில் யானைக்கும் பங்குண்டு.

ஏன் இந்தத் தாமதம்? இலையில் காற்றும் ஈரமும் போய்வரும் நுண்துளையை மூடிக்கொண்டால் தண்ணீர் மிச்சம், ஆனால் உணவு தயாரிப்பு நின்றுபோகும். மூடாவிட்டால் தண்டுக்குள் மேலே இழுபடும் நீர்ச்சரத்தில் காற்றுக்குமிழ் புகுந்து குழாய் அடைபடும். இரண்டு வழியிலும் நட்டம்தான். அந்த நட்டத்தோடு இருப்பைத் தின்று மரம் ஒரு வருடம், இரண்டு வருடம் ஓட்டும். பிறகு மழை நன்றாகப் பெய்கிற வருடத்தில் வண்டோ பூஞ்சையோ வந்து முடித்துவைக்கும். தண்ணீரை உயரம் இழுத்தாக வேண்டிய, உச்சி முழுதும் வெயிலில் நிற்கும் பெரிய மரத்துக்குத்தான் இதில் அடி அதிகம்.

2016 வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்களாக அறிவிக்கப்பட்டன. அந்த வறட்சி எத்தனை பெரிய மரங்களைக் கொண்டுபோனது என்று கேட்டிருக்க வேண்டிய நேரம் 2019. அப்போது பேச்சு வெள்ளத்துக்கும் குடிநீர் லாரிக்கும் மாறியிருந்தது.

பருவநிலை மாற்றம் இதில் எங்கே வருகிறது என்றால், மழைக்குறைவு பழையதுதான், சூடு புதிது. காற்று ஒரு டிகிரி கூடுதலாகச் சூடானால் சுமார் 7 சதவீதம் அதிக ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், அந்த ஈரத்தை இலையிலிருந்தும் மண்ணிலிருந்தும் இழுக்கும். தாத்தா காலத்து அதே அளவு மழைக்குறைவு இன்று மரத்தை இன்னும் வேகமாக உறிஞ்சும். கரியமிலவாயு கூடினால் மரம் செழிக்கும் என்பவர்கள் இந்தக் கணக்கை விட்டுவிடுகிறார்கள்.

இப்போது விதைப்பந்து. கோபத்தை அடக்கிக்கொண்டே எழுதுகிறேன். பள்ளிப் பிள்ளைகள் ஆசையாக உருட்டுவது. அவர்கள்மேல் குறையில்லை.

காட்டில் விதைப் பஞ்சம் கிடையாது. இலையுதிர் காட்டில் முழங்கால் உயரத்தில் நிற்கும் ஒரு தேக்கையோ வெக்காலியையோ கன்று என்று நினைக்கிறீர்கள். ஒவ்வொரு கோடையிலும் தண்டு காய்ந்தோ தீயில் கருகியோ போக, மழை வந்ததும் வேரிலிருந்து புதுத் தண்டு விட்டு, இப்படிப் பல வருடமாக அங்கேயே இருப்பது அது. மண்ணுக்கு வெளியே விரல் கனம், உள்ளே கேரட் கிழங்கு போலத் தடித்த வேர். எப்போதாவது சில வருடம் தொடர்ந்து தீ வராமல் ஈரமும் அமைந்தால் ஒரே மூச்சில் தலை தூக்கிவிடும். அடுத்த தலைமுறைக் காடு அதுதான். அதை மிதித்து, அதற்கு நடுவில் குழி தோண்டி, அடிவாரத்து நர்சரிக் கன்றை நடுகிறீர்கள்.

ஏப்ரலில் வீசிய பந்து ஒரு கோடை மழையில் முளைக்கும். அடுத்த மழைக்கு ஒரு மாதம் ஆகும். அதற்குள் விரல் நீள வேர் காய்ந்துவிடும். மீதியை எறும்பும் எலியும் எடுத்துக்கொள்ளும். சரி, வீண்தானே என்றால், வீணாகாமல் பிழைப்பதுதான் ஆபத்து. சுலபமாகக் கிடைப்பது சுபாபுல் போன்ற ரோட்டோர மரத்து விதை, காட்டுக்குள் பரவிவிடும் அயல் மரம் அது. முதுமலையில் இன்று அகற்றத் திணறிக்கொண்டிருக்கும் மஞ்சள் கொன்றையும் அழகுக்கென்று கொண்டுவந்த மரம்தான். இன்னொன்று, காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். கையில் விதைப்பந்து இருந்தாலும் குற்றமே. மேல்மலைப் புல்வெளியை "வெற்று நிலம்" என்று எண்ணி மரம் நடுவதைப் பற்றி இன்னொரு நாள் திட்டுகிறேன்.

கை சும்மா இருக்க மறுக்கிறதா? வனத்துறை அனுமதியோடு உண்ணிச்செடி (லாண்டானா) எடுக்க வாருங்கள். வறட்சிக்கு அசையாத புதர் அது. கன்றுகளுக்கு வெளிச்சம் விடாது, காய்ந்தால் தரைத்தீயை மரத்தின் தலைவரை ஏற்றும் ஏணி. தரைமட்டத்தில் வெட்டினால் முன்னிலும் அடர்ந்து துளிர்க்கும். ஜேசிபி வைத்துப் புரட்டினால் மண்ணில் கிடக்கும் விதை எல்லாம் முளைக்கும். தண்டும் வேரும் சேருமிடத்துக்குக் கீழே 3 முதல் 5 சென்டிமீட்டரில் ஆணிவேரை மண்வெட்டியால் வெட்டி, புதரைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துப் போடுங்கள். நிமிர்த்திப் போட்டால் ஈரத்தில் மறுபடி வேர்பிடிக்கும். காய் பழுக்குமுன் செய்யுங்கள். பறவைகள் அமரும் பெரிய மரங்களின் அடியில் அடுத்த இரண்டு மூன்று மழைக்காலம் திரும்பிப் போய் நாற்றுகளைப் பிடுங்குங்கள். ஒருநாள் முகாம், பேனர், டீ-ஷர்ட் என்றால் தயவுசெய்து வராதீர்கள்.

பட்டா நிலத்தில் நடுவது நல்ல காரியம். தென்மேற்குப் பருவமழை பெறும் மேற்குப் பக்கம் ஜூன், வடகிழக்குப் பருவமழை பெறும் கிழக்குப் பக்கம் அக்டோபர். குழி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி. பையைக் கிழித்ததும் வேர் அடியில் வட்டமாகச் சுருண்டிருந்தால் அந்தச் சுருட்டலை நறுக்கிவிட்டு நடுங்கள், இல்லாவிட்டால் ஐந்தாறு வருடம் கழித்து ஒரு வறட்சியில் சாயும். முதல் இரண்டு கோடைக்கு வாரம் ஒருமுறை 10 லிட்டர். தினமும் ஒரு சொம்பு ஊற்றினால் வேர் மேலேயே நின்றுவிடும்.

தீக்காலத்தில் காட்டுக்குள் போகாதீர்கள். 2018 மார்ச் 11 குரங்கணிக் காட்டுத்தீ நினைவிருக்கும், 23 உயிர்கள். சரிவு 10 டிகிரி கூடினால் மேலேறும் தீயின் வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். மேல்நோக்கி ஓடி அதை முந்த முடியாது. பக்கவாட்டில் விலகுங்கள், பாறை அல்லது ஏற்கெனவே எரிந்து முடிந்த தரைக்குப் போங்கள். புகை தெரிந்தால் முதலில் வனச்சரக அலுவலகத்துக்கு போன், வீடியோ பிறகு. தோட்டத்து வேலியோரம் செத்தை எரிப்பவர்கள் ஜனவரிக்குள், காற்றில்லாத காலையில், தண்ணீரை வைத்துக்கொண்டு முடித்துவிடுங்கள்.

படம் எடுக்கத்தான் வேண்டுமென்றால் வண்டியை விட்டு இறங்காமல் எடுங்கள். தேதி, இடம், கிலோமீட்டர் கல் எண் குறித்துக்கொள்ளுங்கள். அதே மரத்தை அதே இடத்திலிருந்து ஜூனில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. மூன்று வருடம் சேர்ந்த பிறகு ஒன்பது படத்தையும் ஒன்றாக அனுப்புங்கள். அதில் ஜூன் படம் மொட்டையாக இருந்தால் நானே வந்து பார்க்கிறேன்.