பூக்காத காஸ்மாஸும் ஒரு பிடி உரமும்

தோட்டப் பராமரிப்பு வேலையில் இருப்பதால் நோயுற்ற செடிகளின் படங்கள் என் கைப்பேசிக்கு தினமும் வரும். அவற்றில் நோயே இல்லாத ஒரு செடியும் அடிக்கடி வரும். இடுப்பைத் தாண்டி வளர்ந்திருக்கும், வெந்தயக்கீரை நிறத்தில் அடர்ந்திருக்கும், ஒரு மொட்டுகூட இருக்காது. கூடவே ஒரு கேள்வி: "காஸ்மாஸ் நல்லா வளருது சார், பூ மட்டும் வரலை. என்ன உரம் போடலாம்?"

போட வேண்டிய உரம் எதுவும் இல்லை. ஏற்கெனவே போட்டதுதான் சிக்கல்.

காஸ்மாஸ் மெக்சிகோவின் திறந்த வெளிகளிலிருந்து வந்த பூச்செடி. சத்துக் குறைந்த மண்ணில், மழைக்காலத்தில் முளைத்து, பூத்து, விதை போட்டுவிட்டுப் போவதற்குப் பழகியது. அதன் வாழ்நாளே சில மாதங்கள்தான். மண்ணில் தழைச்சத்து நிறைய இருந்தால் அதற்கு அவசரம் போய்விடுகிறது. இலையையும் தண்டையும் வளர்த்துக்கொண்டே இருக்கும், பூப்பதைத் தள்ளிப்போடும். நானும் இந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வாடிக்கையாளர் வீட்டுப் பாத்தியில் தொழு உரத்தைக் கூடை கூடையாகக் கொட்டி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை யூரியாவும் கொடுத்தேன். செடிகள் என் தோளுயரம் வந்தன. பூ வருவதற்குள் ஒரு ராத்திரிக் காற்றில் மொத்தப் பாத்தியும் பாய் விரித்த மாதிரி படுத்துவிட்டது. தண்டை ஒடித்துப் பார்த்தால் உள்ளே தண்ணீராக, வலுவே இல்லாமல் இருந்தது. அந்த வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் வேறு ஆளை வைத்துக்கொண்டார்.

அதனால் சாதாரணத் தோட்ட மண்ணே போதும். தண்ணீர் தேங்காமல் வடிய வேண்டும், அது ஒன்றுதான் கண்டிப்பு. களிமண்ணாக இருந்தால் கொஞ்சம் மணலும் மட்கிய இலைக் குப்பையும் கலந்து பொலபொலப்பாக்கலாம். தொட்டியில் வைப்பவர்கள் கடையில் கிடைக்கும் மண்கலவையை அப்படியே நிரப்புகிறார்கள். அதில் பெரும்பாலும் உரம் கலந்தே வரும், ஆகவே பாதிக்குப் பாதி வெறும் மண் சேருங்கள்.

விதைப்பதில் பெரிய வித்தை இல்லை. அரை சென்டிமீட்டர் ஆழம், மேலே மெல்லிய மண், ஈரம் காயாமல் பூவாளியில் தண்ணீர். ஏழு முதல் பத்து நாளில் முளைத்துவிடும். நேராகப் பாத்தியில் விதைப்பதே எனக்குப் பிடிக்கும். நாற்றங்காலில் போட்டால், முளைக்கும்போது வரும் விதையிலைகளைக் கணக்கில் சேர்க்காமல், நான்கு நிஜ இலை வந்ததுமே எடுத்து நட்டுவிடுங்கள், வேர் சுற்றிக்கொள்ளும் வரை வைத்திருக்க வேண்டாம். செடிக்குச் செடி ஒரு அடி முதல் ஒன்றரை அடி இடைவெளி. நெருக்கமாக முளைத்தவற்றைப் பிடுங்கிப் போட மனசு வராது, ஆனாலும் பிடுங்கித்தான் ஆக வேண்டும். அந்த இரக்கம் பின்னால், இலையில் வெள்ளைப் பூச்சாகப் படரும் சாம்பல் நோயாகத் திரும்பி வரும்.

கடையில் காஸ்மாஸ் என்று கேட்டால் இரண்டில் ஒன்றைத் தருவார்கள். இளஞ்சிவப்பு, வெள்ளை, மெஜந்தா நிறங்களில், சோம்புத்தழை மாதிரி நூல் நூலான இலையோடு வருவது ஒன்று. ஆரஞ்சும் மஞ்சளுமாக, செண்டுமல்லி இலையை நினைவூட்டும் சற்று அகலமான இலையோடு வருவது இன்னொன்று. இரண்டாவதுக்கு வெயில் தாங்கும் சக்தி அதிகம், பொதுவாகப் பூவும் சீக்கிரம் வரும். விதைத்து எட்டு வாரம் ஆகியும் பூக்கவில்லை என்று பதறுபவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் முதல் வகைதான். அதற்கு இன்னும் இரண்டு மூன்று வாரம் கொடுக்கலாம்.

உரமும் போடவில்லை, வெயிலும் ஆறு மணி நேரத்துக்கு மேல் விழுகிறது, அப்படியும் பூ இல்லை என்றால் இரவில் போய்ப் பாருங்கள். ஒரு வீட்டில் சுற்றுச்சுவர் ஓரமாக நீளப் பாத்தி. ஒரு கோடியில் செடி தெரியாத அளவுக்குப் பூ, மறு கோடியில் வெறும் பச்சை. ஒரே நாளில் போட்ட ஒரே பாக்கெட் விதை. மண்ணைக் கிளறினேன், வேரைப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. மாலையில் கிளம்பும்போது சுவரில் இருந்த விளக்கு எரிந்தது. விடியும் வரை எரியுமாம். வெளிச்சம் எதுவரை விழுந்ததோ அதுவரைக்கும் பூ இல்லை, கோடு கிழித்த மாதிரி. விளக்கை இரவு பத்து மணிக்கு அணைக்கச் சொன்னேன். நாலாவது வாரம் அந்தக் கோடியிலும் மொட்டு வந்தது.

காஸ்மாஸ் குறும்பகல் செடி. நீண்ட, இடையறாத இருட்டு கிடைத்தால்தான் அது சுறுசுறுப்பாக மொட்டு விடும். பகல் 14 மணி நேரத்தைத் தாண்டும் இடங்களில் கோடையில் அது தயங்குவது இதனால்தான். 1791-ல் ஸ்பெயின் நாட்டுத் தாவரவியலாளர் அந்தோனியோ ஹோசே காவனில்லெஸ் இதற்கு காஸ்மாஸ் என்று பெயரிட்டார். ஒழுங்கு, அலங்காரம் இரண்டையும் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. ஆனால் குளிர்நாட்டுத் தோட்டங்களில் இது வெகுகாலம் சங்கடம் தந்த செடி. பகல் குறுகி மொட்டு வைக்கும் நேரத்தில் உறைபனி வந்துவிடும். சீக்கிரம் பூக்கும் ரகங்களைத் தேர்ந்தெடுத்த பிறகே நிலைமை மாறியது. 1936-ல், சிறந்த புது ரகங்களுக்கு அமெரிக்காவில் தரப்படும் ஆல்-அமெரிக்கா செலக்‌ஷன்ஸ் விருது பெற்ற ‘சென்சேஷன்’ அப்படி ஒன்று, இன்றும் விதைப் பாக்கெட்டுகளில் அந்தப் பெயரைப் பார்க்கலாம். நவீன ரகங்கள் பகல் நீளத்தை இவ்வளவு பெரிதுபடுத்துவதில்லை. இருந்தாலும் தெருவிளக்கின் நேரடி வெளிச்சத்தில் நடாதீர்கள்.

செடி ஒரு அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ள வேண்டும். இலைக் கணுவுக்குச் சற்று மேலே, விரலாலேயே கிள்ளலாம். ஒரு வாரம் பத்து நாள் பூ தள்ளிப்போகும், பதிலுக்குப் பக்கக் கிளைகள் நாலைந்து வரும். உயர ரகங்களுக்கு இது அவசியம், குட்டை ரகங்கள் தாமாகவே கிளைக்கும்.

பூக்க ஆரம்பித்ததும் வாடியதை நறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். விதை முற்றிவிட்டால் வந்த வேலை முடிந்தது என்று செடி ஓய்ந்துவிடும். இங்கே ஒரு குழப்பம் உண்டு. இதழ் உதிர்ந்த பூவும் விரியாத மொட்டும் தூரத்திலிருந்து ஒன்றுபோலவே இருக்கும், அவசரத்தில் மொட்டையும் சேர்த்து வெட்டிவிடுவோம். தொட்டுப் பாருங்கள். மொட்டு சட்டைப் பொத்தான் மாதிரி உருண்டு, தட்டையாக, கெட்டியாக இருக்கும். உதிர்ந்த தலை கூம்பாக நீண்டு, அழுத்தினால் அமுங்கும். இரண்டு நாள் பழகினால் விரலே பிரித்துவிடும். வெட்டும்போது தலையை மட்டும் கிள்ளாமல், கீழே அடுத்த கிளை பிரியும் இடம் வரை காம்போடு வெட்டுங்கள். இல்லாவிட்டால் மொட்டைக் காம்புகளாக நின்று அசிங்கமாக இருக்கும். குவளையில் வைக்க வெட்டுவதும் இதே வேலைதான், இதழ்கள் விரியத் தொடங்கும்போது காலையில் வெட்டினால் நாலைந்து நாள் தாங்கும்.

தண்ணீர் விஷயத்தில் மதிய நேரத்துச் செடியை நம்ப வேண்டாம். உச்சி வெயிலில் துவண்டு சாயங்காலம் நிமிர்ந்தால் அது வெப்பத்தால் வந்த வாட்டம், தண்ணீர் தேவையில்லை. காலையிலும் துவண்டிருந்தால் இரண்டு அங்குலம் விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர். ஈரமாக இருந்தும் துவண்டிருந்தால் வேர் அழுகத் தொடங்கியிருக்கலாம், அதற்கு மேலும் ஊற்றுவது கொலை.

சாம்பல் நோய்க்கு இலை நனைய வேண்டிய அவசியமே இல்லை. நெருக்கமும் காற்றோட்டமின்மையும் போதும். வெள்ளைப் பூச்சு கண்ட இலைகளைக் கிள்ளி எறிந்து, செடிகளை விலக்கிவிட்டாலே பாதி அடங்கும். அசுவினிக்குத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் போதும், மருந்தைத் தூக்க வேண்டாம். பூவெல்லாம் தேனீ உட்கார்ந்திருக்கிறது.

பயப்பட வேண்டியது வேறொன்று. பூ விரியும்போது இதழ்கள் நிறமில்லாமல் பச்சையாக, இலை மாதிரி வருவதும், செடி மஞ்சளாகிக் குட்டையாகித் துடைப்பம்போல நெருக்கமாகக் கிளைப்பதும் கண்டால், அது பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரால் வரும் ஆஸ்டர் மஞ்சள் நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். தத்துப்பூச்சி ஒரு செடியின் சாற்றை உறிஞ்சி அடுத்ததற்குக் கொண்டுபோகும். இதைச் சத்துக் குறைபாடு என்று நினைத்து மாதக்கணக்கில் நுண்ணூட்டம் தெளித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சிலர் "புது ரகம், பச்சைப் பூ" என்று படம் போட்டதும் உண்டு! இதற்கு மருந்து இல்லை. வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். சாமந்தி, கேரட் என்று நூற்றுக்கணக்கான செடிகளுக்குத் தொற்றக்கூடியது இது.

கடைசிப் பூக்களை மட்டும் வெட்டாமல் விடுங்கள். விதைகள் கருத்து, தலையிலிருந்து நட்சத்திரம்போல விரிந்து நிற்கும்போது எடுத்து, நிழலில் உலர்த்தி, காகித உறையில் வையுங்கள். ஆரஞ்சு வகையின் விதைக்கு நுனியில் கொக்கி முள் உண்டு, வேட்டியிலும் காலுறையிலும் ஒட்டிக்கொண்டு கேட்காமலே பக்கத்துத் தோட்டம் வரை போகும். திறந்த நிலத்துக்கு அருகில் இருப்பவர்கள் விதை முற்றவிடாமல் வெட்டிவிடுவது நல்லது, சில நாடுகளில் இது களையாகவே பரவியிருக்கிறது. இளஞ்சிவப்பு வகை தன் மகரந்தத்தால் தானே விதை பிடிப்பதில்லை, பக்கத்துச் செடியின் மகரந்தம் வேண்டும். அதனால் வெள்ளைப் பூவின் விதை என்று எழுதி வைத்த உறையிலிருந்து அடுத்த முறை மெஜந்தா வந்தால் என்னைக் கூப்பிட வேண்டாம்.