கப்பலில் அபாயச் சங்கு ஊதும்போது உங்கள் பிள்ளை எங்கே இருக்கும்?

மதியம் மூன்று மணி. சின்னவன் பன்னிரண்டாம் தளத்துச் சிறுவர் கிளப்பில் வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கிறான். பெரியவள் நீச்சல்குளத்துச் சறுக்கில். தாத்தா ஆறாம் தளத்து அறையில் மதியத் தூக்கம். அம்மாவும் அப்பாவும் ஐந்தாம் தளத்தில் காபியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். உல்லாசக் கப்பலில் ஒரு குடும்பம் பெரும்பாலும் இப்படித்தான் சிதறிக் கிடக்கும். அந்தப் பயணத்தின் சுகமே அதுதான். அப்போது அபாயச் சங்கு ஊதினால் என்ன ஆகும்? அப்பா சின்னவனைத் தேடி மேலே ஓடுவார். பெரியவள் அறைக்குப் போகக் கீழே இறங்குவாள். தாத்தா, எல்லாரும் வரட்டும் என்று அறையிலேயே காத்திருப்பார். 300 மீட்டர் நீளமும் பதினைந்து மாடி உயரமும் உள்ள கப்பலில் இந்தத் தேடலுக்கு முடிவே இருக்காது. ஆயிரக்கணக்கானோர் ஒரே திசையில் போகும் படிக்கட்டில் எதிர்த்து ஏறுகிறவர், தானும் சிக்கிக்கொண்டு, பின்னால் வருகிறவர்களையும் நிறுத்திவிடுகிறார்.

குடும்பத்தோடு கப்பல் ஏறுகிறவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான்: தேடிப் போகாதீர்கள். அவரவர் நிற்கும் இடத்திலிருந்து நேராகக் கூடுமிடத்துக்கு, அதாவது அவசரத்தில் வந்து சேர வேண்டும் என்று கப்பலில் உங்களுக்குக் குறித்திருக்கும் இடத்துக்கு, போங்கள். பெற்ற மனம் இதற்கு லேசில் ஒப்பாது. ஒப்ப வேண்டுமென்றால், பிள்ளை அங்கே வந்து சேரும் என்ற நம்பிக்கை வேண்டும். அந்த ஏற்பாட்டை ஏறிய முதல் நாளே செய்துவிட வேண்டும்.

சங்கிலிருந்து தொடங்குவோம். ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட குறுகிய ஒலிகள், அடுத்து ஒரு நீண்ட ஒலி. கப்பலின் சங்கிலும் உள்ளே இருக்கும் மணிகளிலும் இதே வரிசைதான். எந்த நாட்டுக் கொடி பறந்தாலும், எந்த நிறுவனத்தின் கப்பலானாலும் இதில் மாற்றம் கிடையாது. கப்பலைக் கைவிடுகிறோம் என்பது இதன் பொருள் அல்ல. கூடுமிடத்துக்கு வாருங்கள் என்பது மட்டுமே. கைவிடும் உத்தரவைக் கேப்டன்தான் தனியாகத் தருவார். பல பேர் இரண்டையும் குழப்பிக்கொண்டு, சங்கு கேட்டதும் நேராக உயிர்காப்புப் படகை நோக்கி ஓடுகிறார்கள். அங்கே ஏற்ற ஆள் இருக்காது, உங்கள் பெயரும் எந்தக் கணக்கிலும் சேராது.

அந்தக் கணக்குதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. மஸ்டர் ஸ்டேஷன் என்று உங்கள் அறை அட்டையில் ஓர் எழுத்தோ எண்ணோ அச்சிட்டிருக்கும். அதுதான் உங்கள் கூடுமிடம். அங்கே வந்தவர்களை ஊழியர்கள் அட்டையை வைத்துச் சரிபார்ப்பார்கள். யார் வரவில்லையோ அவர்களுடைய அறை எண் கட்டுப்பாட்டு மையத்துக்குப் போகும். அதே நேரத்தில் வேறொரு குழு அறை அறையாகக் கதவைத் தட்டிப் பார்த்துக்கொண்டு வரும். தூங்கிக்கொண்டிருக்கும் தாத்தாவை எழுப்ப அந்தக் குழுவிடம் எல்லா அறைக்குமான சாவி இருக்கிறது. உங்களிடம் இருப்பது பதற்றம் மட்டும்தான். நீங்கள் கூடுமிடத்தில் நின்று "அறையில் எங்கள் அப்பா இருக்கிறார், காது சரியாகக் கேட்காது" என்று சொல்வது அவருக்குச் செய்யும் பெரிய உதவி. நீங்களும் காணாமல் போனால் அவர்கள் தேட வேண்டிய ஆள் இரண்டாகிவிடும்.

பிள்ளைகள் விஷயத்தில் நிறுவனத்துக்கு நிறுவனம் வழக்கம் மாறும். பல கப்பல்களில் சிறுவர் கிளப்பில் சேர்க்கும்போதே, கூடுமிடத்தின் எழுத்து பொறித்த மணிக்கட்டுப் பட்டை ஒன்றைக் கட்டிவிடுவார்கள். சங்கு ஊதினால் கிளப் ஊழியர்களே பிள்ளையைப் பெற்றோரின் கூடுமிடத்தில் கொண்டுவந்து ஒப்படைப்பார்கள். வேறு சில கப்பல்களில் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்வார்கள். ஆகவே சேர்க்கும்போதே கேளுங்கள்: சங்கு ஊதினால் பிள்ளையை யார், எந்த வழியாக, எங்கே கொண்டுவருவார்கள்? லைஃப் ஜாக்கெட் அங்கேயே இருக்கிறதா? கிளப்புக்கும் குளத்துக்கும் நடுவே பிள்ளை தனியாகப் போக அனுமதி உண்டா? பெரிய பிள்ளைகளுக்குத் தாங்களே கையெழுத்துப் போட்டு வெளியேறும் உரிமையைச் சில கிளப்புகள் தருகின்றன. அந்தப் படிவத்தில் 'ஆம்' என்று குறித்துவிட்டால், சங்கு ஊதும் நேரத்தில் பிள்ளை கிளப்பில்தான் இருக்கிறது என்று நீங்கள் நம்பிக்கொண்டிருக்க முடியாது.

இன்னொன்று. நாலு வயதுக் குழந்தையிடம் "உங்க அம்மா பேர் என்ன?" என்று கேட்டால் "அம்மா" என்றுதான் சொல்லும். பெற்றோர் இருவரின் முழுப்பெயர், அறை எண், கூடுமிட எழுத்து, ஒவ்வாமை ஏதும் இருந்தால் அது, எல்லாவற்றையும் ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் ஊக்கு போட்டு வையுங்கள். நீச்சல் உடையில் பை இருக்காது, அப்போது மணிக்கட்டில்.

இரண்டு அறை எடுத்த குடும்பங்கள் அட்டைகளை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். அறைகள் கப்பலின் வேறு வேறு பகுதியில் இருந்தால் கூடுமிடமும் வேறாகிவிடும். தாத்தா பாட்டி ஒரு எழுத்து, பேரப்பிள்ளைகள் ஒரு எழுத்து என்று இருந்தால் முதல் நாளே வரவேற்பு மேசையில் சொல்லி மாற்றச் சொல்லுங்கள். சக்கர நாற்காலி, படி இறங்க முடியாத முழங்கால், செவித்திறன் குறைவு ஆகியவற்றையும் அப்போதே பதிவு செய்யுங்கள். அவசரத்தில் லிஃப்ட் பயன்படுத்தக் கூடாது. படியில் இறக்குவதற்கான நாற்காலியும் ஆளும் கப்பலில் உண்டு, ஆனால் யாருக்கு வேண்டும் என்று முன்பே தெரிந்திருந்தால்தான் அவர்கள் நேராக அந்த அறைக்கு வருவார்கள்.

ஏறியதும் கூடுமிடத்துக்குப் போய்ப் பழகும் அவசர ஒத்திகையை நாங்கள் ஏன் வற்புறுத்துகிறோம் என்பதற்கு ஒரு இரவே போதும். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா என்ற உல்லாசக் கப்பல் பாறையில் மோதியபோது 4,200க்கும் மேற்பட்டோர் அதில் இருந்தனர். அன்று மாலை சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில் ஏறிய பயணிகளுக்கு இன்னும் ஒத்திகை நடந்திருக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதே அப்போதைய விதி. மோதியது இரவு 9.45க்கு; பொது அபாய ஒலி எழுந்தது 10.33க்கு. இடைப்பட்ட நேரத்தில் மின்கோளாறு என்றே பயணிகளுக்குச் சொல்லப்பட்டது. 32 பேர் உயிரிழந்தார்கள். இதன் பிறகுதான், கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ ஒத்திகை முடிந்திருக்க வேண்டும் என்ற விதி 2015 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

இப்போது பல கப்பல்களில் கைபேசியில் வீடியோ பார்த்துவிட்டு, கூடுமிடத்துக்குப் போய் அட்டையைக் காட்டி வந்தால் ஒத்திகை முடிந்தது. கூட்டம் இல்லை, வசதிதான். ஆனால் வீடியோவை ஓடவிட்டு வேறு வேலை பார்க்கிறார்கள். லிஃப்டில் போய், லிஃப்டில் திரும்புகிறார்கள். கால் அந்த வழியைப் பழகவே இல்லை. அறையிலிருந்து படிக்கட்டு வரை எத்தனை கதவு என்று எண்ணிக்கொண்டு, கைப்பிடியைத் தொட்டபடி நடந்து பாருங்கள். இன்னொரு படிக்கட்டு எந்தப் பக்கம் என்றும் பாருங்கள், ஏனெனில் முதல் வழியிலேயே புகை இருக்கலாம். ஜன்னல் இல்லாத உள்ளறையில் மின்சாரம் போனால் கையே கண்ணுக்குத் தெரியாது. அவசர ஜெனரேட்டர் 45 விநாடிக்குள் ஓடத் தொடங்க வேண்டும் என்பது விதி. நடைபாதையில் அதற்கும் முன்பே பேட்டரி விளக்கு வந்துவிடும்; எல்லாக் கப்பலிலும் அறைக்குள்ளும் வரும் என்று எண்ண வேண்டாம். தலைமாட்டில் ஒரு டார்ச்சும் கட்டிலடியில் மூடிய காலணியும் இருக்கட்டும்.

புகை வந்தால் கண்ணைத் தரைக்குக் கொண்டுபோங்கள். வெளியேறும் வழியைக் காட்டும் ஒளிப்பட்டைகளைத் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்துக்குள்தான் பதித்திருப்பார்கள், நிமிர்ந்து நடக்கிறவருக்கு அவை தெரியாது. கதவைத் திறக்கும் முன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுட்டால் திறக்காதீர்கள், கீழ் இடுக்கை ஈரத்துண்டால் அடைத்து, அறைத் தொலைபேசியில் உங்கள் அறை எண்ணையும் ஆள் எண்ணிக்கையையும் சொல்லுங்கள். ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு புகைக்குள் பாய்ந்துவிடலாம் என்ற நம்பிக்கை உயிரை வாங்கிவிடும். துணி கரித்தூளை ஓரளவு தடுக்கும்; கார்பன் மோனாக்சைடு அதன் வழியே தடையில்லாமல் போகும். நடைபாதையில் பாதி வழியில் தீத்தடுப்புக் கதவுகள் தாமாக மூடுவதைப் பார்த்து, பூட்டிவிட்டார்கள் என்று அலறுகிறவர்கள் உண்டு. அவை பூட்டப்படுவதில்லை. கையால் திறந்து, கடந்து, பின்னால் மூடவிட்டுப் போகலாம்.

பால்கனி அறை எடுத்தவர்களுக்கு: 2006 மார்ச் 23 அன்று ஜமைக்கா அருகே ஸ்டார் பிரின்சஸ் கப்பலில் தீ பால்கனியில்தான் தொடங்கியது. அணையாத சிகரெட் துண்டுதான் காரணமாக இருக்கலாம் என்று விசாரணை சொன்னது. பிளாஸ்டிக் தடுப்புகளிலும் நாற்காலிகளிலும் பற்றி, பால்கனி பால்கனியாக ஏறியது. பயணி ஒருவர் இறந்தார். காயப்போட்ட துணி, சிகரெட், ஊதுபத்தி எதுவும் பால்கனியில் வேண்டாம்.

லைஃப் ஜாக்கெட்டில் குடும்பங்கள் செய்யும் பிழை, பெரியவர் அளவைப் பிள்ளைக்கு மாட்டுவது. சர்வதேச விதிப்படி 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு ஒரு வகை, 15 முதல் 43 கிலோ வரை சிறுவர் வகை, அதற்கு மேல் பெரியவர் வகை. பழைய கப்பல்களில் அலமாரியில் இருக்கும், புதியவற்றில் கூடுமிடத்தில் தருவார்கள். அறையில் இருந்தால் அன்றே எண்ணிப் பார்த்து, பிள்ளை அளவு இல்லையென்றால் அறைப் பணியாளரிடம் கேட்டு வாங்குங்கள். மாட்டிப் பட்டைகளை இறுக்கிய பின் பிள்ளையின் தோள்பட்டைப் பகுதியில் ஜாக்கெட்டைப் பிடித்து மேலே இழுங்கள். முகவாயும் காதும் அதற்குள் புதைந்தால் தளர்வு. தண்ணீரில் ஜாக்கெட் மிதக்கும், பிள்ளை கீழே நழுவும். தொடையிடைப் பட்டை இருந்தால் அதையும் கட்டாமல் விடாதீர்கள். விசில் எங்கே தொங்குகிறது, தண்ணீர் பட்டதும் எரியும் விளக்கு எங்கே என்று பிள்ளையே தொட்டுக் காட்டட்டும். படியில் தூக்கிக்கொண்டு போகும்போது பட்டைகளைச் சுருட்டிப் பிடியுங்கள். தொங்கும் பட்டையை மிதித்து விழுகிறவர் உங்களுக்குப் பின்னால் வருகிறவராக இருப்பார்.

கூடுமிடத்தில் காத்திருப்பு நீளும். 2019 மார்ச் 23 அன்று நார்வே கடற்கரையருகே புயலில் வைக்கிங் ஸ்கை கப்பலின் இயந்திரங்கள் நின்றபோது, 479 பேரை ஹெலிகாப்டரில் ஒவ்வொருவராகத் தூக்கி எடுத்தார்கள். மற்றவர்கள் மறுநாள் வரை கப்பலிலேயே இருக்க வேண்டியிருந்தது. இப்படி ஒரு இரவு முழுதும் உட்காரும்போது தேவைப்படுவது கம்பளி உடையும் மருந்தும்தான். படகில் என்ன இருக்கும் என்பதையும் விதி சொல்கிறது: ஆளுக்கு 3 லிட்டர் குடிநீர், 10,000 கிலோஜூல் உணவு, 48 மணி நேரத்துக்குக் குமட்டல் மாத்திரை, வாந்திப் பை. உங்கள் இன்சுலின் அங்கே இருக்காது. இதய மாத்திரையும் ஆஸ்துமா இன்ஹேலரும் பிள்ளையின் அட்ரினலின் ஊசியும் இருக்காது. மூன்று நாளுக்கான மருந்தை நீர்புகாத சிறு பையில் போட்டு, உலாவப் போகும்போதும் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள். அறையில் விட்டதை எடுக்கத் திரும்பிப் போக விடமாட்டார்கள், விடவும் கூடாது.

படகில் ஏறுமுன் குமட்டல் மாத்திரை கொடுத்தால் மறுக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். 150 பேர் வரை நெருக்கி உட்காரும் மூடிய படகில், ஒரு இருக்கைக்கு 43 செ.மீ. அகலம்தான். ஒருவர் வாந்தி எடுத்தால் வரிசையே தொடரும், உடம்பில் நீரும் சூடும் குறையும். பெட்டி, கைப்பை, ஹீல்ஸ் எதுவும் வேண்டாம். ஏறும்போது இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். கைக்குழந்தையை முதலில் உள்ளே இருக்கும் ஊழியரிடம் கொடுத்துவிட்டு ஏறுங்கள். கப்பல் சாய்ந்தால் தாமதிக்க நேரமில்லை. 20 பாகை வரை சாய்ந்த நிலையில் படகை இறக்க முடிய வேண்டும் என்றுதான் விதி. அதைத் தாண்டினால் உயர்ந்த பக்கத்துப் படகுகள் கப்பல் உடம்பிலேயே உரசி நிற்கும். ஆகவே பலத்த அதிர்வும் சாய்வும் தெரிந்தால், அறிவிப்பு என்ன சொன்னாலும், உடுத்திக்கொண்டு காலணி போட்டு மருந்துப் பையோடு கூடுமிடத்தின் பக்கம் போய் நில்லுங்கள். அதனால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

முதல் நாள் மாலை, இரவுச் சாப்பாட்டுக்கு முன் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். குளத்தருகிலிருந்து கூடுமிடம் வரை படிக்கட்டு வழியாகப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒரு முறை நடந்து காட்டுங்கள். அடுத்த முறை பிள்ளை முன்னால் போகட்டும்; நீங்கள் வாய் திறக்காமல் பின்னால் போங்கள். கப்பலின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே மாதிரிக் கம்பளம், ஒரே மாதிரிக் கதவு. பெரும்பாலான பிள்ளைகள் திசை மாறித் திரும்புவது படிக்கட்டிலிருந்து வெளியே வரும் அந்த இடத்தில்தான். அங்கே ஒரு படமோ சிலையோ இருக்கும். அதை அடையாளமாகச் சொல்லிக்கொடுத்து, திரும்பக் குளத்துக்கே போய் இன்னொரு முறை தொடங்குங்கள்.