ஷாக் வேவ் தெரபி: அதிர்ச்சி அலையா, அதிர்வலையா?

குதிகால் வலியோடு வருகிறவரிடம் “ஷாக் வேவ் தெரபி செய்து பார்க்கலாம்” என்று சொன்னால், அவர் முகம் மாறிவிடும். “கரண்ட் வைப்பீங்களா?” என்றுதான் முதலில் கேட்பார். அவர் மேல் தப்பில்லை. தமிழில் ஷாக் என்றால் ஈரக்கையோடு சுவிட்சைத் தொட்டால் அடிப்பது. ஷாக் ட்ரீட்மெண்ட் என்றால் மனநல மருத்துவத்தில் மூளைக்குத் தரும் மின்சிகிச்சை. இந்த இரண்டோடும் நம் ஷாக் வேவுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. உடம்புக்குள் மின்சாரம் போவதே இல்லை. வலிக்கும் இடத்தில் வெளியிலிருந்து அழுத்த அலையைப் பாய்ச்சும் சிகிச்சை இது.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் பிரெஞ்சு வழியாக வந்தது. 16ஆம் நூற்றாண்டில் இரண்டு படைகள் நேருக்கு நேர் மோதிக்கொள்வதைத்தான் ஷாக் என்றார்கள். மின்சாரத்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது 18ஆம் நூற்றாண்டில். ஷாக் வேவில் இருப்பது அந்தப் பழைய மோதல். ஒலியைவிட வேகமாக ஒரு பொருள் பாயும்போது முன்னால் இருக்கும் காற்றுக்கு விலக நேரம் கிடைப்பதில்லை. அழுத்தம் ஒரே கணத்தில் செங்குத்தாக எகிறி, அலையாகப் பரவுகிறது. பாயும் துப்பாக்கிக் குண்டின் முன்னால் இந்த அலை நிற்பதைப் படம் பிடித்து, 1887இல் வெளியிட்டவர்கள் இயற்பியலாளர்கள் எர்ன்ஸ்ட் மாக்கும் பீட்டர் சால்ஷரும்.

மருத்துவத்துக்குள் இது வந்தது விமானத் தொழிலிலிருந்து. அதிவேக விமானத்தில் மழைத்துளி மோதினால் என்ன சேதம் ஆகும் என்று ஜெர்மனியின் டோர்னியர் விமான நிறுவனத்தில் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அந்த வேலையின் கிளையாக, 1980இல் மியூனிக்கில் ஒரு நோயாளியின் சிறுநீரகக் கல்லைக் கத்தி வைக்காமல், உடம்புக்கு வெளியிலிருந்தே அலை பாய்ச்சி உடைத்தார்கள். அப்புறம் எலும்பு, தசைநாண் பக்கம் திரும்பியது. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு குதிகால் வலிக்கும், 2003இல் டென்னிஸ் எல்போ எனும் முழங்கை வலிக்கும் அனுமதி கிடைத்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘அதிர்ச்சி அலை’ என்பதுதான் உடனே கைக்கு வரும். ஆனால் அதிர்ச்சி இன்று மனசுக்குப் போய்விட்ட சொல். “இச்சம்பவம் அதிர்ச்சி அலையை ஏற்படுத்தியுள்ளது” என்று செய்தியில் படித்துப் பழகிய கண்ணுக்கு, ‘அதிர்ச்சி அலைச் சிகிச்சை’ ஏதோ கெட்ட சேதி சொல்லி வைத்தியம் பார்ப்பது போலத் தோன்றும். வேர்ச்சொல்லான ‘அதிர்’ அப்படியல்ல. “அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கம் செய்யும்” என்கிறது தொல்காப்பியத்தின் உரியியல். 429ஆம் குறளில் வருவது “அதிர வருவதோர் நோய்”. நடுங்கும்படி வரும் துன்பம். நோயைக் காட்ட வந்த சொல்லே இன்று மருந்துக்கும் பெயராகிறது, பாருங்கள். வெடிச்சத்தம் நெஞ்சில் வந்து இடிக்கும் அதிர்வேட்டிலும் இதே வேர்தான்.

ஆகவே அதிர்வு + அலை = அதிர்வலை. என் ஓட்டு இதற்குத்தான். செல்போன் அதிர்வதும் அதிர்வுதானே, மசாஜ் கருவி என்று நினைத்துவிட மாட்டார்களா என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. ஆனால் மாற்று எதுவும் சிக்கவில்லை. மோது, அலை இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். ‘மோதலை’ என்று வந்து நின்றது. யாரோ மோதலைத் தவிர்த்த மாதிரி!

இன்னொரு காரணமும் உண்டு. இந்தப் பெயரில் புழங்கும் கருவிகள் இரண்டு வகை. ஒன்று, அலையை உள்ளே ஒரு புள்ளியில் குவிப்பது. மற்றது, அழுத்தப்பட்ட காற்றால் கைப்பிடிக்குள் ஒரு சிறு உலோகத் துண்டை ஓடவிட்டு, அது நுனியில் போய் மோத, அந்த அடியைத் தோல் வழியாகப் பரப்புவது. இரண்டாவதில் அழுத்தம் மெதுவாகத்தான் ஏறுகிறது. இயற்பியல் கணக்கில் அது ஷாக் வேவே இல்லை. அதிர்வலை என்றால் இரண்டுக்கும் பொருந்தும்.

நானும் இதற்காகக் குப்புறப் படுத்திருக்கிறேன். கட்டைவிரலால் குதிகாலை அழுத்திக்கொண்டே வந்து, நான் துள்ளிய இடத்தில் பேனாவால் புள்ளி வைத்தார்கள். அதன்மேல் ஜெல். பிறகு டக் டக் டக் என்று மரங்கொத்தி மாதிரி சில நிமிடங்கள், ஏறக்குறைய 2000 அடி. வலிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வழக்கமாக வாரம் ஒரு தடவை, மூன்று தடவை. பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியம்மா இதற்கு ‘தட்டு வைத்தியம்’ என்று பெயர் வைத்திருந்தார். என் அதிர்வலையைவிட அது நன்றாக இருக்கிறதோ என்று இன்றைக்கும் சந்தேகம்.

தெரபிக்கு ‘சிகிச்சை’ போதும். தனித்தமிழ்தான் வேண்டும் என்றால் ‘பண்டுவம்’ இருக்கிறது.

ஷாக் வேவ் நல்லதா, கன்வென்ஷனல் சிகிச்சை நல்லதா என்று ஒப்பிட்டுக் கேட்பார்கள். இதைவிடக் குழப்பும் சொல் அந்த எதிர்ப்பக்கத்தில்தான் இருக்கிறது: கன்வென்ஷனல். அதை ‘பாரம்பரிய சிகிச்சை’ என்று மொழிபெயர்த்து வைக்கிறார்கள். படிப்பவர் கஷாயம், தைலம், ஒத்தடம் என்று புரிந்துகொள்கிறார். லத்தீன் மூலத்தில் அது கூடி வருதல், ஒத்துக்கொள்ளுதல். மருத்துவர்கள் பொதுவாக ஏற்றுச் செய்துவருவது என்றே பொருள். தமிழில் ‘வழக்கமான சிகிச்சை’. குதிகாலுக்கு என்றால் கெண்டைக்காலையும் உள்ளங்காலையும் நீட்டும் பயிற்சி, மெத்தென்ற செருப்பு, நிற்கும் நேரத்தைக் குறைப்பது, வலி மாத்திரை, ஸ்டீராய்டு ஊசி.

பெயர் திருந்தினால் ‘அதிர்வலையா, வழக்கமான சிகிச்சையா’ என்ற கேள்வியும் கொஞ்சம் மாறும். பெரும்பாலோருக்குக் குதிகால் வலி பயிற்சியோடு ஓர் ஆண்டுக்குள் அடங்கிவிடும். சில மாதம் ஒழுங்காகச் செய்தும் அசையாத வலிக்குத்தான் அதிர்வலை. அப்போதும் பயிற்சியை நிறுத்தச் சொல்வதில்லை. ஊசி சீக்கிரம் கேட்கும், சீக்கிரம் விட்டும் போகும். திரும்பத் திரும்பப் போட்டால் பாதத்தின் அடித்தசைநார் கிழியும் அபாயம் உண்டு. அதிர்வலை நேர்மாறு: பலன் தெரியவே சில வாரங்கள் ஆகும். அலை பாய்ச்சாத போலிக் கருவியோடு ஒப்பிட்ட ஆய்வுகளிலும் எல்லாம் ஒரே முடிவைச் சொல்லவில்லை. கர்ப்பிணிகள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், அந்த இடத்தில் கட்டியோ தொற்றோ இருப்பவர்கள் இதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.