தகவலைக் கொடுத்தாகிவிட்டது, இனி யாரைக் கேட்பது?

டியூஷன் நிலையத்தின் இணையத்தளத்தில் பிள்ளையின் பெயரைப் பதிந்திருப்பீர்கள். பிள்ளை ஒரு பருவம் படித்துவிட்டு நின்றிருப்பான். விளம்பரக் குறுஞ்செய்தி மட்டும் நிற்காது. போன் போட்டால் "சிஸ்டத்தில் இருக்கிறது, எங்களால் எடுக்க முடியாது" என்பார்கள். பேசுகிறவருக்கு உண்மையிலேயே தெரியாமல் இருக்கலாம். அவருடைய முதலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் 2014 ஜூலை 2 முதல் சிங்கப்பூரில் இதற்குச் சட்டம் நடப்பில் இருக்கிறது.

சட்டத்தின் பெயர் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சுருக்கமாகப் பிடிபிஏ. நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2012இல். நிறுவனம் எதற்கென்று சொல்லித்தான் உங்கள் விவரத்தை வாங்கலாம், சொன்ன காரியத்துக்குத்தான் பயன்படுத்தலாம், பத்திரமாக வைத்திருக்க வேண்டும், தேவை முடிந்த பிறகு வைத்திருக்கக் கூடாது. சட்டத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். மக்கள் சிக்கிக்கொள்வது வேறு இடங்களில்.

முதலில், இந்தச் சட்டம் யாருக்குப் பொருந்தாது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்), மத்திய சேமநிதிக் கழகம் போன்ற அரசாங்க அமைப்புகள் இதில் வராது, அவற்றுக்குத் தனி விதிகள். உங்கள் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்ட உறவினர்மீதும் இதில் புகார் கொடுக்க முடியாது. ஆனால் வீட்டிலிருந்தே முறுக்கு, கேக் செய்து இணையத்தில் ஆர்டர் எடுப்பவருக்குப் பொருந்தும். "நாங்கள் சின்னக் கடைதானே" என்ற பதில் செல்லாது.

இணையத்தளத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் தனியுரிமைக் கொள்கையை யாரும் முழுதாகப் படிப்பதில்லை, படிக்கச் சொல்லி நானும் தொல்லை தரப்போவதில்லை. உங்கள் விவரத்தை எதற்குப் பயன்படுத்துகிறார்கள், யாருக்குக் கொடுக்கிறார்கள், தரவுப் பாதுகாப்பு அதிகாரியை (டிபிஓ) எப்படித் தொடர்புகொள்வது என்ற மூன்றை மட்டும் தேடுங்கள். கடைசியாகச் சொன்ன அந்த டிபிஓவை நியமிப்பதும், அவரைத் தொடர்புகொள்ளும் வழியைப் பொதுவில் வெளியிடுவதும் கட்டாயம். தளத்தில் காணவில்லை என்றால் "உங்கள் டிபிஓவின் மின்னஞ்சல் என்ன?" என்று எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதுவே புகாருக்கு ஒரு காரணம்.

வாடிக்கையாளர் சேவை எண், சாட்பாட், கடைக் கவுண்டர் எதுவும் இந்தக் காரியத்துக்கு உதவாது. அங்கே சொன்னது பதிவாகாது. அடுத்த மாதம் வேறொருவர் எடுத்து, முதலிலிருந்து சொல்லச் சொல்வார். டிபிஓவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மின்னஞ்சலில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டாதீர்கள். சம்மதத்தைத் திரும்பப் பெறுவது, உங்களைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்பது, தவறைத் திருத்தச் சொல்வது எல்லாம் தனித்தனிக் கோரிக்கைகள். கலந்து எழுதினால் சுலபமானதற்கு மட்டும் பதில் சொல்லி ஃபைலை மூடிவிடுவார்கள்.

சம்மதத்தைத் திரும்பப் பெற எப்போது வேண்டுமானாலும் உரிமை உண்டு. அதனால் என்ன விளைவு வரும் என்று நிறுவனம் சொல்ல வேண்டும், தடுக்கக் கூடாது. பொதுவாகப் பத்து வேலை நாள் அவகாசம் நியாயம் என்பது தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல். இதிலும் ஒரு பொறி இருக்கிறது. கோபத்தில் "எல்லாவற்றுக்கும் சம்மதத்தை ரத்து செய்கிறேன்" என்று எழுதிவிட்டு, ஒப்பந்தம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் சேவையே நின்றுபோய் அபராதக் கட்டணம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். "விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதற்கும் மற்றவர்களிடம் பகிர்வதற்கும் நான் தந்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன்" என்று குறிப்பிட்டு எழுதுங்கள்.

இன்னொன்று, சம்மதத்தைத் திரும்பப் பெற்றதும் விவரம் அழிந்துவிடாது. "அழித்துவிடு" என்று கட்டளையிடும் உரிமை ஐரோப்பாவில் உண்டு, இங்கே இல்லை. சட்டத்துக்கோ வியாபாரத்துக்கோ தேவை இருக்கும்வரை வைத்திருக்கலாம். உதாரணமாக, வரிக் கணக்குக்காக ரசீதுகளை 5 ஆண்டுகள் வைத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் இதைச் சாக்காக வைத்து உங்கள் பிறந்த தேதி, பிள்ளையின் பள்ளி, வீட்டு வருமானம் எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் நிறுவனங்கள் நிறைய. எந்த விவரம், எந்தக் காரணத்துக்காக, எதுவரை என்று கேளுங்கள். இப்படிக் கேட்டதுமே பல இடங்களில் அழித்துவிட்டதாகப் பதில் வந்துவிடுகிறது, விந்தைதான்.

என்ன வைத்திருக்கிறார்கள், கடந்த ஓராண்டில் யாருக்குக் கொடுத்தார்கள் என்று கேட்டால் 30 நாளுக்குள் தர வேண்டும், முடியாவிட்டால் எப்போது தருவோம் என்று அதே 30 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். நியாயமான கட்டணம் வாங்கலாம். தொகையை முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுங்கள். திருத்தம் செய்யக் கட்டணம் கிடையாது.

"நீங்கள்தான் என்று உறுதிசெய்ய ஐசியை (அடையாள அட்டையை) இரு பக்கமும் படமெடுத்து அனுப்புங்கள்" என்று ஒரு பதில் வரும் பாருங்கள், அதைப் படித்தால் எனக்குத் தலைவலியே வந்துவிடும். இருக்கும் விவரத்தை எடுக்கச் சொன்னால் இன்னும் கொஞ்சம் கேட்கிறார்கள். பதிவுசெய்த அதே மின்னஞ்சலிலிருந்து எழுதுவதாகச் சொல்லி, ஐசி எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களையும் அவற்றை அடுத்துள்ள எழுத்தையும் மட்டும் தர முன்வாருங்கள். 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கேட்டால் அல்லது ஆளை மிகத் துல்லியமாக உறுதிசெய்யும் தேவை இருந்தால் மட்டுமே தனியார் நிறுவனம் முழு எண்ணையோ அட்டையின் நகலையோ வாங்கலாம். மருந்தகத்தில் வைத்தியம், ஹோட்டலில் அறை, புதிய கைப்பேசி இணைப்பு, வேலையில் சேர்வது, இங்கெல்லாம் கேட்பது சரி. அதிர்ஷ்டக் குலுக்குக்கும் கடை உறுப்பினர் அட்டைக்கும் கேட்பது சரியில்லை. வேலை அனுமதி அட்டை எண், வெளிநாட்டவருக்கான ஃபின் அடையாள எண், பாஸ்போர்ட் எண் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். லிட்டில் இந்தியாவில் பொருள் வாங்க வரும் ஊழியர்களிடம் இதை யாரும் சொல்வதில்லை.

விளம்பரத் தொல்லை அழைப்புகளைத் தடுக்க டிஎன்சி (Do Not Call, 'அழைக்க வேண்டாம்') பதிவேடு இருக்கிறது. இலவசம், ஒருமுறை பதிந்தால் போதும், காலாவதி ஆகாது. பதிந்த மறுநாளே அமைதி கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், 21 நாள்வரை ஆகலாம். அப்புறமும் செய்தி வந்தால், எங்கேயோ ஒரு குலுக்குப் படிவத்தில் 'சம்மதம்' கட்டத்தை டிக் செய்திருப்பீர்கள். எழுத்தில் தெளிவாகத் தந்த சம்மதம் பதிவேட்டையும் மீறிச் செல்லும். நீங்கள் இப்போதும் வாடிக்கையாளராக இருக்கும் நிறுவனம் அதே சேவை தொடர்பாகக் குறுஞ்செய்தி அனுப்பலாம், ஆனால் நிறுத்தும் வழியை அதிலேயே தர வேண்டும். மோசடிக்காரர்களை இந்தப் பதிவேடு தடுக்காது.

"எங்கள் கொள்கை மாறியிருக்கிறது, இந்தத் தேதிக்குள் மறுக்காவிட்டால் சம்மதமாக எடுத்துக்கொள்வோம்" என்று வரும் மின்னஞ்சலைக் குப்பையில் தள்ளாதீர்கள். 2021 பிப்ரவரி முதல் இது சட்டப்படி செல்லும். விளம்பரச் செய்தி அனுப்ப மட்டும் இந்த வழியைப் பயன்படுத்த முடியாது.

தகவல் கசிந்தால் நிறுவனம் தானாகச் சொல்லிவிடும் என்றும் நம்பி இருக்காதீர்கள். 500 பேரோ அதற்கு மேலோ பாதிக்கப்பட்டால், அல்லது யாருக்கேனும் கணிசமான தீங்கு வரக்கூடும் என்றால்தான் ஆணையத்துக்குத் தெரிவிப்பது கட்டாயம். நூறு பெற்றோரின் பெயரும் போன் நம்பரும் மட்டும் வெளியே போனால் உங்களுக்குச் செய்தி வராமலே போகலாம்.

டிபிஓ பதில் தராவிட்டால் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் இணையத்திலேயே புகார் செய்யலாம். நிறுவனத்திடம் கேட்டீர்களா என்பதுதான் அங்கே முதல் கேள்வி, அதற்காகத்தான் அந்த மின்னஞ்சல் நகல். குறுஞ்செய்திகளை எரிச்சலில் அழித்துவிடாமல் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஆணையம் உத்தரவு போடும், அபராதமும் போடும், உங்களுக்கு ஒரு வெள்ளிகூட வாங்கித் தராது. 2018இல் சிங்ஹெல்த் ஊடுருவலில் 15 லட்சம் நோயாளிகளின் விவரம் போனது. அந்த மருத்துவக் குழுமத்துக்கும் அதன் கணினித் துறை நிறுவனத்துக்கும் சேர்த்து 10 லட்சம் வெள்ளி அபராதம் விதித்தார்கள். அந்தப் பணம் நோயாளிகளுக்கு வருவதில்லை. இழப்பீடு வேண்டுமென்றால் நீங்களே நீதிமன்றம் போக வேண்டும். மன உளைச்சலும் இழப்புதான் என்று 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது, வெறும் எரிச்சலுக்கு அது பொருந்தாது.

நீங்கள் புகார் கொடுத்த பிறகு "உங்கள் தகவலை நீக்குகிறோம், இந்த இணைப்பில் சிங்பாஸ் (அரசாங்க மின்னடையாளம்) மூலம் உறுதிசெய்யுங்கள்" என்று செய்தி வந்தால் தொடாதீர்கள். போனில் ஒருவர் உங்கள் ஐசி எண்ணை ஒப்பிப்பதால் அவர் அதிகாரி ஆகிவிட மாட்டார். அந்த எண்ணை எங்காவது கடவுச்சொல்லாக வைத்திருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள்.