"தாத்தா தூங்குறாரு"

ஐந்து வயதுப் பையன். இரண்டு வாரமாக ராத்திரி தூங்க மறுக்கிறான், கண் சொக்கினாலே அலறுகிறான் என்று ஆலோசனைக்கு அழைத்து வந்தார்கள். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பேச்சுவாக்கில்தான் விஷயம் வெளியே வந்தது. தாத்தாவைக் கூடத்தில் கிடத்தியிருந்த அன்று, "தாத்தா தூங்குறாரு, சத்தம் போடாதே" என்று அத்தை ஒருவர் சொல்லியிருக்கிறார். தூங்கியவரை நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள், அவர் திரும்பி வரவில்லை. அப்புறம் அவன் எப்படித் தூங்குவான்?

அத்தையைக் குறை சொல்ல மாட்டேன். சாவு வீட்டில் "தூங்குறாங்க", "ஊருக்குப் போயிருக்காங்க" என்று எல்லோரும் சொல்வதுதான். ஹங்கேரியில் 3 முதல் 10 வயது வரையிலான 378 குழந்தைகளிடம் மரியா நாகி என்ற உளவியலாளர் மரணத்தைப் பற்றிக் கேட்டு, 1948இல் கட்டுரை வெளியிட்டார். ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் மரணத்தைத் தூக்கமாகவோ பயணமாகவோதான் எண்ணினார்கள். நாம் சொல்லும் சமாதானங்களும் அதே இரண்டுதான்!

பையனின் அம்மாவுக்கு வேறொரு வருத்தம். மூன்றாம் நாளே பையன், "இனிமே என்னை ஸ்கூல்லேர்ந்து யாரு கூட்டிட்டு வருவா?" என்று கேட்டானாம். "பாசமே இல்ல மேடம். கேட்டுட்டு விளையாடப் போயிட்டான்." அவருக்கு அப்பா என்றால் முப்பது வருட நினைவு. பையனுக்குத் தாத்தா என்றால் சாயங்காலம் நாலு மணி, டிவிஎஸ் 50, முக்குக் கடை கடலைமிட்டாய். அவன் அழுகைதான் அந்தக் கேள்வி. நடுவே விளையாடப் போவதும் இயல்புதான். அந்த வயதில் துக்கத்தை ஒரேயடியாகச் சுமக்க முடியாது, கொஞ்சம் அழுவார்கள், இறக்கி வைப்பார்கள், மறுபடி வருவார்கள்.

சரி, என்ன சொல்வது? "தாத்தா இறந்துட்டாரு. அவர் உடம்பு வேலை செய்யறதை நிறுத்திடுச்சு. இனிமே மூச்சு விட மாட்டாரு, வலிக்காது, திரும்பி வர மாட்டாரு. இது தூக்கம் இல்ல." பத்து தடவை கேட்டாலும் இதே வார்த்தைகள். "நான் சேட்டை பண்ணதாலயா?" என்ற பயம் பல குழந்தைகளுக்கு உள்ளே இருக்கும், வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். நாமே முந்திக்கொண்டு இல்லை என்று சொல்லிவிட வேண்டும்.

அம்மா அப்படியே பையனிடம் சொன்னார். "அப்ப தாத்தாவுக்குக் குளிராதா?" என்று கேட்டானாம். குளிராது என்றாராம். இப்போது மாமா அதே வண்டியில் கூட்டிவருகிறார், அதே கடையில் நிறுத்துகிறார். ராத்திரி விளக்கை மட்டும் இன்னும் அணைக்க விடுவதில்லையாம். எரியட்டும் என்றேன்.